ஒரே மாதிரி மூன்று யூஎஸ்பி சவுண்ட் கார்டு, கரண்ட் போய் வந்தால் மண்டபமும் டைனிங் ஹாலும் இடம் மாறிவிடுகின்றன

மண்டபம்_மேனேஜர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் தமிழ் கீபோர்டில் எழுதுவதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன்.

விருதுநகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருக்கிறேன். ஆபீஸ் ரூமில் ஒரு பழைய டெஸ்க்டாப், லினக்ஸ் மின்ட் 22 ஓடுகிறது. மண்டபம், டைனிங் ஹால், வாசல் என்று மூன்று இடத்துக்கும் தனித்தனி ஆம்ப். மூன்று ஆம்புக்கும் தனித்தனிப் பாட்டு போக வேண்டும் என்பதால் பஜாரில் கிடைக்கும் மலிவு யூஎஸ்பி சவுண்ட் கார்டு மூன்று வாங்கி, ஒரு நான்கு ஓட்டை ஹப்பில் செருகி வைத்திருக்கிறேன். மூன்றும் ஒரே கடை, ஒரே நிறம், எல்லாம் ஒன்றே. அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். அதில் கார்டின் எண்ணை வைத்து, ஹெச்டபிள்யூ கோலன் 1 மண்டபம், 2 டைனிங் ஹால், 3 வாசல். மண்டபத்துக்கு மங்கல இசை, டைனிங் ஹாலுக்குப் பழைய பாட்டும் இடையிடையே "அடுத்த பந்தி தயார், இன்னும் சாப்பிடாதவர்கள் வரவும்" என்ற ரெக்கார்டிங்கும், வாசலுக்கு நாதஸ்வரம். நான்கு மாதம் பிரச்சினையே இல்லை.

போன வாரம் முகூர்த்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள அரை நிமிடம் ஆகும், யூபிஎஸ் அதற்குள் கையை விரித்துவிட்டது, கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழுந்தது. ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மண்டபத்து ஸ்பீக்கரில் கணீரென்று "அடுத்த பந்தி தயார்" என்று வந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே பின்வரிசையில் பாதிப்பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

பிறகு கார்டுகளைப் பட்டியலிடும் ஏபிளே ஹைஃபன் எல் கட்டளை போட்டுப் பார்த்தால் மூன்று கார்டும் இருக்கின்றன, ஆனால் எண்கள் மாறியிருக்கின்றன. இன்னொரு தடவை ரீபூட் செய்தால் வேறு வரிசை. சில நேரம் சரியாகவும் வருகிறது. மூன்றுக்கும் பெயர் ஒன்றேதான், டிவைஸ், டிவைஸ் அடிக்கோடு 1, டிவைஸ் அடிக்கோடு 2 என்று காட்டுகிறது. எதை வைத்து எது எது என்று கண்டுபிடிப்பது?

இன்னொன்று. நேரடியாக அறிவிப்புச் சொல்வதற்காக ஒரு யூஎஸ்பி மைக்கும் வாங்கினேன், ஹப்பில் நான்காவது ஓட்டையில் இருக்கிறது. மூன்று இடத்திலும் பாட்டு ஓடும்போது மைக்கைத் திறந்தால் டிவைஸில் இடமில்லை என்று பிழை வருகிறது. ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டதாக நினைத்து பழைய கல்யாண வீடியோ 60 ஜிபி அழித்தேன். அப்படியும் அதே பிழை.

பழையபிசி_பிரியன்:

வீடியோவை அழித்ததற்கு என் ஆழ்ந்த இரங்கல்.

முதல் கேள்விக்கு: டிரைவர் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப் டாட் டி அடைவில் ஒரு கோப்பு போட்டு, யூஎஸ்பி ஒலி டிரைவரான எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ மாட்யூலுக்கு இன்டெக்ஸ் ஆப்ஷன் கொடுங்கள். கூடவே விஐடி, பிஐடி என்று தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கொடுத்தால் எந்த கார்டுக்கு எந்த எண் என்று நிலையாகிவிடும். நான் என் வீட்டில் இரண்டு கார்டுக்கு இப்படித்தான் செய்திருக்கிறேன், இரண்டு வருடமாக அசையவில்லை.

வேர்_பயனர்:

பழையபிசி சொல்வது வேறு வேறு மாடல் கார்டுகளுக்குச் சரி, அவர் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மேனேஜருக்கு அது உதவாது. மூன்றும் ஒரே மாடல், விஐடியும் பிஐடியும் மூன்றுக்கும் ஒன்றே. இந்த விலைக்கு வரும் கார்டுகளில் வரிசை எண்ணும் பெரும்பாலும் இருக்காது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கும் அதே கதிதான். எந்த கார்டு முதலில் கண் விழித்து டிரைவர் கையில் சிக்குகிறதோ அதற்கு அடுத்த காலி எண். கரண்ட் வந்து எல்லாம் ஒன்றாக எழும்போது வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. கெர்னல் 2.6 வந்த 2003 முதல் அதன் ஒலிப் பகுதியான ஆல்சா இப்படித்தான் எண் கொடுத்து வருகிறது, இது கோளாறு இல்லை, எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியதுதான் தவறு. அக்கா மகனைத் திட்டாதீர்கள், எல்லோரும் முதலில் செய்வது அதுதான்.

கார்டில் வித்தியாசம் இல்லை என்றால் ஓட்டையில் இருக்கிறது. எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பது ரீபூட்டில் மாறாது. அதை வைத்துப் பெயர் சூட்டலாம்.

மூன்றையும் கழற்றிவிடுங்கள். மண்டபத்து கார்டை மட்டும் செருகி, சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் சவுண்ட், அதை எல்எஸ் ஹைஃபன் எல் போட்டுப் பாருங்கள். கார்டு 1 என்பது எங்கே சுட்டுகிறது என்று ஒரு நீளமான பாதை வரும். அதில் 1-1.4.1 மாதிரி ஒரு துண்டு இருக்கும். முதல் 1 பஸ் (யூஎஸ்பி பாதை) எண், கோட்டுக்குப் பின்னால் வருவது எந்த ஹப்பில் எந்த ஓட்டை வழியாக வந்தது என்ற விலாசம். கடைசி எண் உங்கள் ஹப்பின் ஓட்டை. குறித்துக்கொண்டு அடுத்ததைச் செருகுங்கள்.

சாதனம் செருகும்போது விதிப்படி பெயர் வைப்பது யூடெவ் என்ற பகுதி. பிறகு இடிசி, யூடெவ், ரூல்ஸ் டாட் டி என்ற அடைவுக்குள் 85 என்று தொடங்கும் ஒரு கோப்பு உருவாக்கி, முடிவில் டாட் ரூல்ஸ் இருக்க வேண்டும், கார்டுக்கு ஒரு வரியாக மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு துண்டு, இடையில் கமா. சப்சிஸ்டம் என்பது சவுண்ட். கெர்னல் என்பது கார்டு நட்சத்திரம். கெர்னல்ஸ், கடைசியில் எஸ் உண்டு, விட்டுவிடாதீர்கள், அதற்கு அந்த 1-1.4.1. இந்த மூன்றும் நிபந்தனைகள். நான்காவதாக ஏடிடிஆர், நெளி அடைப்புக்குள் ஐடி, அதற்கு நீங்கள் வைக்கும் பெயர். பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு நிற்க வேண்டும், 15 எழுத்துக்கு மேல் போகாது. இடைவெளி விட்டால் கெர்னல் ஏற்காது.

யூடெவ்ஆட்ம் கண்ட்ரோல் ரீலோட் கொடுத்துவிட்டு கார்டுகளைக் கழற்றிச் செருகினால் ஆயிற்று. பிராக், ஏசவுண்ட், கார்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் சதுர அடைப்புக்குள் புதுப் பெயர் தெரிய வேண்டும். ஸ்கிரிப்டில் 1, 2, 3 இருக்கும் இடத்தில் பெயரைப் போடுங்கள். ஹெச்டபிள்யூ என்பதற்கு முன்னால் பிளக் என்று சேர்த்துக்கொள்வதும் நல்லது, இல்லாவிட்டால் 44,100 ஹெர்ட்ஸில் இருக்கும் பாட்டை 48,000 மட்டும் தெரிந்த கார்டு வாசிக்க மறுக்கும்.

மைக் விஷயம் வேறு நோய். எது எந்த பஸ்ஸில், எந்த ஹப்பில் என்று காட்டும் எல்எஸ்யூஎஸ்பி ஹைஃபன் டி போட்டு வருவதை இங்கே எழுதுங்கள். டிமெசேஜில், அதாவது கெர்னலின் செய்திப் பதிவில், -28 என்று எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜன்னலோரம்:

விண்டோஸ் போட்டால் முடிந்தது. எதற்கு இத்தனை பாடு.

வேர்_பயனர்:

ஜன்னலோரம் அவர்களே, ஒரே மாதிரி மூன்று யூஎஸ்பி கார்டு அங்கே வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், "2-", "3-" என்று முன்னால் எண் ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் பேசலாம்.

மண்டபம்_மேனேஜர்:

அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி செய்தேன், 1-1.4.1, 1-1.4.2, 1-1.4.3 என்று மூன்று விலாசமும் அழகாகக் கிடைத்தது. கோப்பும் எழுதினேன். ஆனால் பெயர் மாறவில்லை, இன்னும் டிவைஸ், டிவைஸ் அடிக்கோடு 1 என்றேதான் இருக்கிறது. பிழை எதுவும் சொல்லவும் இல்லை. முதலில் மண்டபம் என்று தமிழிலேயே வைத்துப் பார்த்தேன், பிறகு ஆங்கில எழுத்தில் மாற்றினேன், இரண்டும் ஒன்றுதான்.

டிமெசேஜில் -28 இருக்கிறது. போதுமான பேண்ட்வித் இல்லை என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியும் இருக்கிறது. அப்படியானால் அது டிஸ்க் இல்லையா?

வேர்_பயனர்:

தமிழ்ப் பெயர் ஆசை எனக்கும் உண்டு, கெர்னல் விடாது.

ஒன்று கேட்கிறேன், நான்காவது துண்டில் சமக்குறி எத்தனை போட்டீர்கள்? முதல் மூன்றும் நிபந்தனை, அவற்றுக்கு இரட்டைச் சமக்குறி. ஏடிடிஆர் ஐடிக்கு ஒற்றைச் சமக்குறி. அங்கேயும் இரட்டை போட்டால் "ஐடி ஏற்கெனவே இந்தப் பெயராக இருந்தால்" என்று இன்னொரு நிபந்தனையாகிவிடும். நிபந்தனை பொருந்தாததால் யூடெவ் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும், பிழையும் சொல்லாது. இதை நான் போன பதிலில் சொல்லாமல் விட்டது என் தவறு, எனக்கே இரண்டு தடவை நடந்திருக்கிறது.

-28 டிஸ்க் இல்லை. கெர்னலில் "இடமில்லை" என்பதற்கு ஒரே பிழை எண், டிஸ்கில் இடமில்லாவிட்டாலும் அதுதான், யூஎஸ்பி பஸ்ஸில் இடமில்லாவிட்டாலும் அதுதான். நிரல்கள் அதை டிஸ்க்குக்கான வாசகத்தோடு மொழிபெயர்த்துக் காட்டுவதால் ஊரில் எத்தனையோ பேர் கோப்புகளை அழித்திருக்கிறார்கள்.

மண்டபம்_மேனேஜர்:

இரட்டைச் சமக்குறிதான் அண்ணா! ஒன்றை அழித்தேன், பெயர் வந்துவிட்டது. ஆறு தடவை ரீபூட் செய்தேன், மெயின் சுவிட்சையே அணைத்தும் பார்த்தேன், மண்டபம் மண்டபமாகவே இருக்கிறது.

ஆனால் வால்யூம் எல்லாம் கலைந்துவிட்டது. வாசல் ஸ்பீக்கர் அலறுகிறது, டைனிங் ஹாலில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது.

எல்எஸ்யூஎஸ்பி ஹைஃபன் டி: மூன்று கார்டும் மைக்கும் ஒரே ஹப்புக்குக் கீழே, நான்கிலும் 12எம் என்று இருக்கிறது, ஹப்புக்கு 480எம். கீபோர்டும் மவுஸும் இரண்டாவது பஸ்ஸில் இருக்கின்றன.

வேர்_பயனர்:

வால்யூம் கலைந்தது இயல்புதான். ஆல்சா மிக்ஸர் நிலையை கார்டின் ஐடி பெயரிலேயே சேமித்து வைக்கிறது, பெயர் மாறியதும் அதற்குப் புது ஆள். ஆல்சாமிக்ஸரில் எஃப்6 அழுத்தி ஒவ்வொரு கார்டாகச் சரிசெய்து, கடைசியில் ரூட் உரிமையோடு ஆல்சாகண்ட்ரோல் ஸ்டோர் கொடுங்கள். இனி ரீபூட்டில் அந்தந்தப் பெயருக்கு அந்தந்த வால்யூம் வரும். இதற்கு முன் கார்டு இடம் மாறியபோதெல்லாம் வால்யூமும் சேர்ந்தே இடம் மாறியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது மைக். உங்கள் ஹப் 480 எம்பிட், கார்டுகளும் மைக்கும் 12 எம்பிட் வகை. மெதுவாகப் பேசும் சாதனத்தை வேகமான பஸ்ஸோடு இணைக்க ஹப்புக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நல்ல ஹப்பில் ஓட்டைக்கு ஒருவர், மலிவு ஹப்பில் எல்லா ஓட்டைக்கும் சேர்த்து ஒரே ஒருவர். அந்த ஒருவர் வழியாகப் போகக்கூடியது மொத்தமே 12 எம்பிட், நேரம் தவறாமல் போக வேண்டிய ஒலி போன்றவற்றுக்கு அதில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது யூஎஸ்பி விதி.

கணக்குப் போட்டால் ஒரு ஸ்டீரியோ பாட்டு 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் மில்லி விநாடிக்கு 192 பைட். ஒரு மில்லி விநாடியில் 1,500 பைட் போகும். மூன்று பாட்டும் ஒரு மைக்கும் தாராளமாகக் கொள்ள வேண்டுமே என்று தோன்றும். கொள்ளாது. மொழிபெயர்ப்பாளர் மில்லி விநாடியை எட்டாக வெட்டிப் பரிமாறுகிறார், ஒரு துண்டுக்கு 188 பைட்தான். 192 வைத்திருப்பவர் இரண்டு துண்டில் இடம் பிடிக்கிறார், நான்கு பைட்டுக்காக இன்னொரு இலை. உண்மையில் கார்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே முன்பதிவு செய்யும். உங்கள் தொழிலில் சொன்னால், பந்தியில் ஆள் வராவிட்டாலும் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல. நான்காவதாக வரும் மைக்குக்கு இலை கிடைக்கவில்லை, -28.

மைக்கை ஹப்பிலிருந்து எடுத்து, கீபோர்டு இருக்கும் இரண்டாவது பஸ் ஓட்டையில் நேரடியாகச் செருகுங்கள். முடிந்தால் கார்டிலும் ஒன்றை அங்கே மாற்றுங்கள். மாற்றினால் விதிக் கோப்பில் அதன் விலாசத்தையும் மாற்ற மறக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறைக் காலத்தது என்றால் போர்டிலேயே யூஎஸ்பி 2 கண்ட்ரோலர் இரண்டு இருக்கும், முன்பக்க ஓட்டைகள் ஒன்றிலும் பின்பக்க ஓட்டைகள் இரண்டுக்கும் பிரிந்தும் இருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, செருகிச் செருகி எல்எஸ்யூஎஸ்பியில்தான் பார்க்க வேண்டும்.

கண்ட்ரோலர் ஒன்றுக்கு மேல் இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. அரிதாக பஸ் எண்ணே இடம் மாறலாம், 1 என்பது 2 ஆகலாம். அப்படி நடந்தால் கெர்னல்ஸுக்குப் பதில் டெவ்பாத் என்று போட்டு, பிசிஐ முகவரியோடு (போர்டில் கண்ட்ரோலர் இருக்கும் இடம்) முழுப் பாதையும் எழுதி, பஸ் எண் வரும் இடங்களிலும் கடைசியில் கார்டு எண் வரும் இடத்திலும் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். பிசிஐ முகவரி நகராது. நடக்காதவரை இதைத் தொட வேண்டாம்.

ரேடியோசெட்_பரம்பரை:

தம்பி, எங்கள் அப்பா காலத்திலிருந்து மைக் செட் தொழில். உங்கள் திரியை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை: மூன்று இடத்திலும் ஒரே பாட்டு போட்டுப் பார்த்தீர்களா? ரிசப்ஷனில் கச்சேரி வைத்தால் டைனிங் ஹாலிலும் வாசலிலும் அதுவே கேட்க வேண்டும் என்பார்கள். நான் ஒரு மண்டபத்தில் இப்படி மூன்று யூஎஸ்பி கார்டு வைத்து ஒரே பாட்டை மூன்று பிளேயரில் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் அருமை. ஒரு மணி நேரம் கழித்து மண்டபத்துக்கும் டைனிங் ஹாலுக்கும் நடுவில் உள்ள வராந்தாவில் நின்றால் பாடகர் தனக்குத் தானே பின்பாட்டு பாடுகிறார்.

மண்டபம்_மேனேஜர்:

ஐயா, அதேதான்! நான் அதை ஸ்பீக்கர் எதிரொலி என்று நினைத்து வராந்தாவில் திரைச்சீலை கட்டச் சொன்னேன்.

மைக்கை இரண்டாவது பஸ்ஸுக்கு மாற்றியதும் -28 போய்விட்டது. இரண்டு மணி நேரம் நான்கும் சேர்ந்து ஓடியது. வேர்_பயனர் அண்ணா நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது.

வேர்_பயனர்:

பந்தி தயார் என்றதும் எழுந்து வந்துவிடுகிறேன்.

எதிரொலி விஷயத்தில் பெரியவர் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் அதனதன் படிகம் துடிக்கிறது. எல்லாம் 48,000 என்று பெயர், ஆனால் ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் மந்தம். இரண்டுக்கும் இடையில் பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி விலகல். அது போதும் பின்பாட்டுக்கு. ஆல்சாவில் பல கார்டை ஒன்றாகக் கட்ட மல்டி என்று ஒரு பிளக்இன் உண்டு, இணையத்தில் பலர் அதைச் சொல்வார்கள், ஆனால் அது கடிகாரத்தைச் சரிசெய்யாது. பேருக்கு ஒரே கார்டாகத் தெரியும், உள்ளே விலகிக்கொண்டேதான் இருக்கும், கடைசியில் விக்கலும் எடுக்கும்.

நிரல்களின் ஒலியை வாங்கி கார்டுகளுக்கு அனுப்பும் பைப்வயர் இதை ஒழுங்காகச் செய்கிறது. உங்கள் மின்ட் 22-இல் அதுதான் இயல்பாக இருக்கிறது. ஒரு கார்டைத் தாளத்துக்குத் தலைவராக வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் போகும் ஒலியை நுணுக்கமாக நீட்டியும் சுருக்கியும் அதன் வேகத்துக்கு இழுத்து வரும். அதன் நிலையைக் காட்டும் பிடபிள்யூ-டாப் ஓட்டினால் ஒன்று தனியாகவும் மற்றவை அதன் கீழே கூட்டல் குறியோடும் நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நாம் யூடெவில் வைத்த பெயரைப் பைப்வயர் கண்டுகொள்ளாது, அது தன் வழியில் வேறு பெயர் உண்டாக்கி, ஒரே மாதிரி கார்டுகளுக்குப் பின்னால் 2, 3 என்று ஒட்டும். பழைய வியாதி மறுபடியும். நான் செய்வது இது: பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு நிரலில் கடைசித் தாவலுக்குப் போய் மூன்று கார்டுக்கும் ப்ரொஃபைலை ஆஃப் என்று வையுங்கள். மூன்றும் ஆஃப் என்பதால் எது 2, எது 3 என்ற கவலை இல்லை. பிறகு உங்கள் வீட்டு அடைவில் டாட் கான்ஃபிக், பைப்வயர், பைப்வயர் டாட் கான்ஃப் டாட் டி என்பதற்குள் ஒரு கோப்பில் கான்டெக்ஸ்ட் டாட் ஆப்ஜெக்ட்ஸ் என்று தொடங்கி, கார்டுக்கு ஒரு சிங்க், அதாவது ஒலி போய்ச் சேரும் இடம், நாமே உருவாக்கலாம். அதில் ஏபிஐ டாட் ஆல்சா டாட் பாத் என்ற இடத்தில் ஹெச்டபிள்யூ கோலன், நாம் வைத்த பெயர். பைப்வயரின் மூலக் கான்ஃப் கோப்பிலேயே கமென்ட் போட்டு ஒரு மாதிரி இருக்கிறது, அதை நகலெடுத்து மாற்றினால் போதும். ஃப்ளாக்ஸில் நோஃபெயில் சேருங்கள், இல்லாவிட்டால் ஒரு கார்டு செருகாமல் இருந்தாலும் பைப்வயர் மொத்தமாக எழ மறுக்கும். மூன்றையும் ஒன்றாக்க கம்பைன்-ஸ்ட்ரீம் மாட்யூல், அதற்கும் மாதிரி அவர்கள் ஆவணத்தில் உண்டு.

பைப்வயருக்காக கார்டுகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பரில் விதி எழுதியும் செய்யலாம், ஆனால் அங்கே ஒரு குழப்பம். மின்ட் 22-இல் இருப்பது 0.4 வரிசை, அதன் அமைப்புகள் லுவா என்ற நிரல் மொழியில். 2024-இல் வந்த 0.5 அதை விட்டுவிட்டு வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. தேடினால் கிடைக்கும் விளக்கங்களில் பாதி ஒன்றுக்கு, பாதி மற்றதற்கு. தலைப்பைப் பார்த்து நகலெடுத்தால் எதுவும் நடக்காது, யூடெவ் மாதிரியே பேசாமலும் இருக்கும்.

பழையபிசி_பிரியன்:

பைப்வயர் எல்லாம் எதற்கு, அதைக் கழற்றிவிட்டு நேராக ஆல்சாவில் ஓட்டினால் தலைவலி பாதி குறையும். என் அனுபவம்.

வேர்_பயனர்:

மூன்று இடத்துக்கும் எப்போதும் வேறு வேறு பாட்டு என்றால் நானும் அதையே சொல்வேன். ஒரே கச்சேரி மூன்று இடத்தில் என்றால் கடிகாரத்தை யார் இழுத்துப் பிடிப்பது? 2012 வாக்கில் ஜாக் என்ற பழைய ஒலி சர்வரையும் அதோடு கூடுதல் கார்டை இணைக்கும் ஸீட்டா பாலத்தையும் வைத்து இதைச் செய்தவன் நான், திரும்பிப் போக மனமில்லை.

ரேடியோசெட்_பரம்பரை:

தம்பி ஒன்று சொல்லிவிடுகிறேன், கடிகாரம் சரியானாலும் வராந்தாவில் கொஞ்சம் பின்பாட்டு கேட்கும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மண்டபத்து ஸ்பீக்கர் 5 மீட்டரில், டைனிங் ஸ்பீக்கர் 30 மீட்டரில் என்றால் இரண்டுக்கும் நடுவே 70 மில்லி விநாடிக்கு மேல் வித்தியாசம். இதற்கு சாஃப்ட்வேரில் மருந்து தேடி அலையாதீர்கள். வராந்தாப் பக்கம் பார்க்கும் டைனிங் ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். திரைச்சீலை கட்டியது தப்பில்லை, இருக்கட்டும்.

மண்டபம்_மேனேஜர்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தொடர்ந்து முகூர்த்தங்கள்.

பைப்வயர் கோப்பு எழுத இரண்டு இரவு ஆனது. ஒரு அடைப்புக்குறி மூடாமல் விட்டு ஒரு இரவு அதிலேயே போனது. இப்போது மூன்று சிங்கும் பெயரோடு தெரிகின்றன, நான்காவதாக "எல்லாம்" என்று ஒன்று. போன ஞாயிறு ரிசப்ஷனில் கச்சேரியை மூன்று மணி நேரம் அதில் விட்டேன், வராந்தாவில் நின்று கேட்டேன், பாடகர் ஒருவர்தான். ஸ்பீக்கரையும் திருப்பி வைத்துவிட்டேன் ஐயா.

ஒரு சின்னக் குறை. டைனிங் ஹாலில் பாட்டு நிறுத்தியிருக்கும்போது அறிவிப்புப் போட்டால் ஒரு டொப் சத்தம், பிறகு முதல் சொல் காணாமல் போகிறது. "பந்தி தயார்" என்று மட்டும் கேட்கிறது. அர்த்தம் மாறவில்லை என்றாலும் உறுத்துகிறது.

வேர்_பயனர்:

5 விநாடி சும்மா இருந்தால் வயர்பிளம்பர் கார்டைத் தூங்கப் போட்டுவிடும், எழுப்பும்போதுதான் டொப். நீங்கள் உருவாக்கிய ஒவ்வொரு சிங்குக்குள்ளும் செஷன் டாட் சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்பதை 0 என்று சேர்த்துவிட்டு பைப்வயரை மறுபடி தொடங்குங்கள், தூங்காது. லேப்டாப்பில் செய்ய வேண்டாம், பேட்டரி வீணாகும், உங்கள் டெஸ்க்டாப்புக்குப் பரவாயில்லை.

அப்புறம் ஹப் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, அதே நிறத்தில் கேபிளிலும் வையுங்கள். பெயர் ஓட்டைக்குத்தான், கார்டுக்கு இல்லை. யாராவது தூசி துடைக்கிறேன் என்று கழற்றி மாற்றிச் செருகினால் மறுபடியும் தாலிக்கு முன்னால் பந்திதான்.

மண்டபம்_மேனேஜர்:

0 போட்டேன், "அடுத்த" திரும்பி வந்துவிட்டது. நெயில் பாலிஷ் மகளிடம் வாங்கினேன், மண்டபம் சிவப்பு, டைனிங் ரோஸ், வாசல் ஏதோ ஊதா.

ரேடியோசெட்_பரம்பரை:

எல்லாம் சரி தம்பி, அந்த யூபிஎஸ் பேட்டரியை மாற்றினீர்களா? அன்று அது அரை நிமிடம் தாங்கியிருந்தால் இந்தத் திரியே வந்திருக்காதே.

மண்டபம்_மேனேஜர்:

போன தீபாவளிக்கே ஓனரிடம் சொன்னேன் ஐயா. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அவருடைய பேரன் காதுகுத்து வரும் 14ஆம் தேதி இங்கேதான் நடக்கிறது. அன்று கரண்ட் போனால் மாற்றிவிடுவார்.